எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர்

விளக்கக் கடிதமாம். யாருக்கு யார் விளக்குவது என்று திலகவதிக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சம்பழச் சோறு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா, பக்கத்தில் அகராதிப் பிரிவுத் தலைவர் பேராசிரியர் தணிகைநாதனின் புத்தகம், நீல அட்டை, ஐந்தாம் பதிப்பு. முதல் பக்கத்தில் ‘திருமதி திலகவதி அவர்களுக்கு அன்புடன்’ என்று கையெழுத்து வேறு. இருபத்துமூன்று வருஷம் ஒரே கட்டடத்தில் படி ஏறி இறங்கியும் அவள் கல்யாணமாகாதவள் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. பெண்பிள்ளைக்கு ஐம்பது தாண்டிவிட்டால் திருமதிதான், கேட்பானேன். அடி செருப்பாலே. இந்த மாதிரி வார்த்தையெல்லாம் அவள் வாயில் வந்ததில்லை, இப்போது மனசில் வருகிறது, வரட்டும், மனசுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். காலையில் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி டீ வரவழைத்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மொழியியல் கலைச்சொல் அகராதியின் அச்சுப்படியில் நாற்பத்தொரு சொற்களுக்கு எதிரே, மூலம் என்கிற பத்தியில், ‘தொகுப்பாளர் ஆக்கம்’ என்று அவள் போட்டிருக்கிறாள். அந்த நாற்பத்தொன்றும் அவருடைய நூலில் பதினெட்டு வருஷமாக இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம் என்று வெளியில் நாலு பேர் கேட்டால் பிரிவுக்கே கெட்ட பெயர். அதனால் ‘மேற்படி சொற்கள் தங்கள் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை, மூலம் காட்டாமல் விட்டது என் பிழை, வருந்துகிறேன்’ என்று பக்க எண்களோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் போதும். சொற்கள் அகராதியில் இருக்கும், திங்கட்கிழமை அச்சுக்குப் போகும், அவளுடைய ஒப்பந்தமும் இன்னொரு வருஷம் நீளும். கொடுக்காவிட்டால் நாற்பத்தொன்றையும் அடித்துவிட்டு அவருடைய மாணவர் ஒருவர் தயாராக வைத்திருக்கிற பட்டியலைப் போட்டுக்கொள்வார்கள். அவள் வீட்டுக்குப் போகலாம். ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். இப்போது மணி இரண்டே முக்கால்.

நாற்பத்தொன்றும் அவள் ஆக்கியவை. முன்னொட்டு, பின்னொட்டு இரண்டும் எல்லோருக்கும் பொது, ஏற்கெனவே வகுப்பறைகளில் புழங்கியவை, அவற்றுக்கு அவள் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் முன்னாலும் பின்னாலும் மட்டுமா ஒட்டுகிறார்கள் உலகத்தில்? பிலிப்பைன்ஸ்காரர்கள் சொல்லின் வயிற்றைக் கிழித்து நடுவில் ஒரு துண்டைச் செருகுகிறார்கள். மலாய்க்காரர்கள் தலையில் ஒரு துண்டும் வாலில் ஒரு துண்டுமாக ஒரே நேரத்தில் ஒட்டுகிறார்கள், ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு மதிப்பில்லை. இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது? குழுக் கூட்டத்தில் கேட்டால், தமிழில் இல்லாததற்குத் தமிழில் சொல் எதற்கு என்று மிக்சரைக் கொறித்துக்கொண்டே ஒருவர் கேட்டார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பனிக்கரடி நம்மூரில் இல்லை, அதற்காகப் பிள்ளைகளுக்குப் பனிக்கரடி என்று சொல்லித் தராமலா இருக்கிறோம் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. குறிப்பெடுக்கிறவள் கூட்டத்தில் பேசக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். எழுதினாள். சபை ஒருமனதாகக் கருதியது என்று எழுதினாள். வீட்டுக்குப் போய் அப்பாவுக்குக் கஞ்சி வைத்தாள். அப்பா படுக்கையில் விழுந்து அப்போது இரண்டாவது வருஷம், ஒரு பக்கம் கையும் காலும் போய், நாக்கு மட்டும் போகாமல், கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்டாலே உப்பு கூடிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாத்திரத்தை இடுக்கியால் இரண்டு பக்கமும் கவ்வி இறக்கியபோதுதான் அந்தச் சொல் வந்தது. கவ்வொட்டு. கரண்ட் பில்லின் பின்னால் எழுதி வைத்தாள், கஞ்சி கொஞ்சம் சிந்திக் கால்மேல் பட்டதுகூடத் தெரியவில்லை. அந்த வருஷம் அவளுக்கு வாய்த்த ஒரே சந்தோஷம் அதுதான். காலையில் புத்தகம் கைக்கு வந்ததும் முன்னுரையைப் பார்த்தாள், அதைப் பேராசிரியர் எப்படி எழுதியிருக்கிறார்? ஒரு மாலை ஏரிக்கரையில் உலவினாராம், கொக்கு ஒன்று மீனைக் கவ்வியதாம், சொல் பிறந்ததாம். கொக்கு கவ்வினால் மீன் உள்ளே போய்விடும் ஐயா, ஒட்டிக்கொண்டு நிற்காது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஏரிக்கரையாம், உலவினாராம். இந்த மனுஷன் காரை விட்டு இறங்கி நடந்தே அவள் பார்த்ததில்லை.

எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நூர்ஜஹான், அக்கா முகம் ஒரு மாதிரியா இருக்கு, மோர் வாங்கியாரவா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள் திலகவதி. நூர்ஜஹான் நல்ல பெண். பத்து வருஷமாக இந்த அறையின் எல்லாக் கடிதங்களையும் அடிப்பவள், எதையும் படிக்காமல் அடிக்கத் தெரிந்தவள், அந்த வரம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று திலகவதி நினைத்துக்கொண்டாள். படிக்காமல் ஒரு வரி எழுத முடிந்ததா இந்தக் கையால்? சீட்டுப்பெட்டியைக் கொடுத்தது யார்? நான்தான். சேலைக்கடை அட்டைப்பெட்டியில் சொல்லுக்கு ஒரு சீட்டாக ஆயிரத்துச் சொச்சம் சீட்டு, மேலே சொல், நடுவில் விளக்கம், அடியில் எடுத்துக்காட்டு. அப்பா செத்த மறுவருஷம், அப்போது குழுவில் சாதாரண உறுப்பினராக இருந்த தணிகைநாதன் வந்து, ஒரு வாரம் பார்த்துட்டுத் தரேம்மா, உங்க உழைப்ப நாலு பேருக்குச் சொல்லணும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உச்சி குளிர்ந்துபோய், தூக்கக் கஷ்டப்படுவாரே என்று பெட்டியைச் சணல்கயிறு போட்டுக் கட்டியும் கொடுத்தாள். ஒரு வாரம் ஐந்து மாதமாயிற்று. திரும்பி வந்தபோது மேல்சீட்டில் டீ வட்டம் இருந்தது. அடுத்த வருஷம் புத்தகம். புத்தகக் கண்காட்சியில் அதை எடுத்துக் கடைசிப் பக்கச் சொல்லடைவை மட்டும் புரட்டினாள், கவ்வொட்டு, ஊடொட்டு, அடுக்கொட்டு, வெற்றொட்டு என்று தன் பிள்ளைகள் அடுத்த வீட்டுத் தின்பண்டத்துக்கு வரிசையில் நிற்பதுபோல நின்றன, வைத்துவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள். அதற்கப்புறம் இன்று காலைவரை அந்த நீல அட்டையைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் நிரூபணம் கேட்பார்கள். சீட்டு மூலமாகாது, அச்சில் வந்ததுதான் மூலம், அகராதி விதி ஏழு. அந்த விதியைச் சுத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

சரி, எழுதித் தொலைப்போம். சொல் பிழைக்கட்டும். பெற்றவள் பெயர் போனால் போகிறது, எங்கேயோ ஒரு காலேஜில் ஒரு பையனோ பெண்ணோ கவ்வொட்டு என்று வாய்விட்டுப் படிக்கும், அது போதாதா. போதும் என்று நினைத்த மறுநிமிஷமே போதாது என்றது மனசு. போதும், போதாது, போதும் என்று மூன்று முறை சுற்றிவிட்டு, கடைசியில் புத்தகத்தைத் திறந்தாள், பக்க எண் எடுக்க வேண்டுமே. ஊடொட்டு, பக்கம் எழுபத்தொன்பது. எழுதினாள். கவ்வொட்டு, எண்பத்துமூன்று. இதோ அவளுடைய விளக்கம், வரிக்கு வரி, ‘ஆகும்’ இருந்த இடத்தில் ‘எனலாம்’ போட்டிருக்கிறார், அதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. அடுக்கொட்டு, தொண்ணூற்றாறு. பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியது. நூற்று நாலு, நூற்று ஏழு. இங்கெல்லாம் எடுத்துக்காட்டில் கண்ணன் வந்தான், வள்ளி பூப்பறித்தாள். அவளும் பெரும்பாலும் கண்ணனையும் வள்ளியையும்தான் எழுதியிருந்தாள், ஊரில் உள்ள இலக்கணக்காரர்கள் எல்லோரும் அவர்களைத்தான் வேலை வாங்குகிறார்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு எவனும் சொந்தம் கொண்டாடுவதில்லை, சொல்லைத் திருடினால் திருட்டு, எடுத்துக்காட்டை எடுத்தால் அது வழக்கம். நூற்றுப் பன்னிரண்டு. பின்னொட்டுகளின் பெரிய பட்டியல். காலம் காட்டுவது, ஆளைக் காட்டுவது, மறுப்பைக் காட்டுவது. அதன் அடியில் நாலு வரி. மங்கையர்க்கரசி வந்தாள். மங்கையர்க்கரசி வருகிறாள். மங்கையர்க்கரசி வருவாள். மங்கையர்க்கரசி வரவில்லை. முதலில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த பக்கத்துக்குப் போய், கைதான் திரும்பி வந்தது. விரலை அந்தப் பெயர்மேல் வைத்தாள்.

அக்கா. அப்பா தேவாரம் படித்த வாயால் வைத்த பெயர்கள், மூத்தவள் மங்கையர்க்கரசி, இளையவள் திலகவதி, அம்பாசமுத்திரத்தில் சைவப்பிள்ளை வீட்டுத் தமிழாசிரியருக்கு வேறு என்ன பெயர் தோன்றும். அக்காவை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மங்கை, மங்கா, ஏளா மங்கா. அவள் ரயில்வேயில் வேலை பார்த்த சாலமனைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு அப்பா முழுப்பெயரையும் சொன்னார், கடைசித் தடவையாக. “மங்கையர்க்கரசிங்கிற பேரு இனிமே இந்த வீட்டுல ஒருத்தர் வாயிலேருந்தும் வரப்பிடாது, சொல்லிட்டேன்.” வரவில்லை. அம்மா அதைச் சொல்லாமலே அந்த வருஷம் கடைசியில் கண்ணை மூடினாள். அப்பாவை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வில்லிவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் வைத்தாள் திலகவதி. அங்கேயும் வரவில்லை. ஒரு பெயரை வருஷக்கணக்கில் சொல்லாமல் இருப்பது ஒரு வேலை, நாக்கைப் பல்லுக்குள் பிடித்து வைக்கிற வேலை. ஆபீசில் சீட்டெழுதும்போது மட்டும் யாரும் தடுக்க முடியாது. பின்னொட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டும், வள்ளி வந்தாள் என்று தொடங்கப் போனவள், பேனா நின்று, மங்கையர்க்கரசி வந்தாள் என்று எழுதினாள். எழுதிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். இலக்கணம் யாரையும் வர வைக்கும், அப்பாவின் உத்தரவு இலக்கணத்தில் செல்லாது. வருகிறாள். வருவாள். சாயங்காலம் அப்பாவுக்குப் பீ மூத்திரம் துடைக்கும்போது அந்த மூன்று வாக்கியமும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். அதைத்தான் இவன் எடுத்திருக்கிறான். சொல்லை எடுத்தாய், விளக்கத்தை எடுத்தாய், சரி, என் அக்காவைக் கொண்டுபோய் உன் புத்தகத்தில் நடக்க விட்டிருக்கிறாய், ஐந்து பதிப்பு, எத்தனை காலேஜ், எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கும். திலகவதிக்குப் புத்தகத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல இருந்தது, மூன்றாவது மாடி, கீழே டீக்கடை, யார் தலையிலாவது விழுந்தால் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம்.

நாலரை மணிக்குத் தணிகைநாதனே வந்தார். செண்ட் வாசனை முதலில் வந்தது, பிறகு அவர். மேசை ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஆயிடுச்சாம்மா, அவசரம் ஒண்ணுமில்ல, நான் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன் என்றார். மனசில் ஒன்றும் வெச்சுக்காதீங்க, நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுதான் என்றார். திலகவதி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“சார், இந்தப் பேர எங்கேருந்து எடுத்தீங்க?”

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் பதற்றத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை, அவருக்கு ஞாபகமே இல்லை, திருடியதுகூட மறந்துபோகிற அளவுக்கு நிம்மதியான வாழ்க்கை.

“எக்ஸாம்பிள்தானம்மா. வாயில வந்த பேரு ஏதோ ஒண்ணு. ஏன், ரொம்ப நீளமா இருக்கோ? வேணும்னா அடுத்த பதிப்புல வள்ளின்னு மாத்திக்கலாம்.”

வாயில் வந்த பேர். எங்கள் வீட்டில் நாலு வருஷம் வாயில் வரக் கூடாது என்று இருந்த பேர். அவர் அதற்குள் நூர்ஜஹானிடம் திரும்பி, அம்மாவுக்கு டைப் பண்ணணும்னா பண்ணிக் குடு என்று சொல்லிவிட்டு நடந்தார். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போனது. இப்போது கத்தலாம். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாம், இது என் கூடப்பிறந்தவள் பெயர், இதை நான்தான் எழுதினேன், உன் புத்தகத்திலேயே என் கைரேகை இருக்கிறது, வா குழுவுக்கு என்று இழுக்கலாம். நிரூபணம் நிரூபணம் என்று பதினெட்டு வருஷம் புழுங்கினாயே, இதோ அச்சில் இருக்கிறது, அவர்கள் விதிப்படியே அச்சில். எழுந்துகூட விட்டாள். கண் மறுபடி பக்கத்தில் விழுந்தது, நாலாவது வரியில். மங்கையர்க்கரசி வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

நாலாவதை எழுதியது எப்போது? அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆபீசுக்குத் திரும்பிய முதல் நாள். மறுப்புக்கு எடுத்துக்காட்டு பாக்கி இருந்தது. வேறு ஆயிரம் இருந்தன எழுத, மழை பெய்யவில்லை, பசு கறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதினாள். எழுதியபோது என்ன கோபம், அக்காமேல், பெற்ற தகப்பன் செத்துக் கிடந்தபோதுகூட வராத பாவிமேல். எவ்வளவு நியாயமான கோபம் மாதிரி இருந்தது அது. வரவில்லையாம். யார் சொன்னார்கள் அவளுக்கு, வருவதற்கு? சாலமன் ஆபீஸ் நம்பர் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எதிர்த்த வீட்டுக்குக் கீழே எஸ்டிடி பூத், காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவான். யாரும் தடுக்கவில்லை, தடுக்கிறவர் ஐஸ் பெட்டியில் கிடந்தார். ஊரிலிருந்து வந்த சித்தப்பாகூட, மூத்தவளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார், கேட்டாரே. சொல்லியாச்சு என்று சொன்னாள். சொல்லியாச்சு. அந்த வாய் எப்படிக் கூசாமல் சொன்னது? மூன்று வருஷம் அள்ளிக் கொட்டினது நான், புண்ணைக் கழுவினது நான், வந்த வரனையெல்லாம் அப்பாவை யார் பார்ப்பார் என்று திருப்பி அனுப்பினது நான், கடைசி நாள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு மூத்த மகள் என்று அழுகிறது அவளா? அழட்டும், அவள் வீட்டில் உட்கார்ந்து அழட்டும். அதுதான். வேறு ஒன்றுமில்லை, அப்பாவின் மானமுமில்லை, சாதியுமில்லை, இந்த அல்பம்தான். அக்காவுக்கு ஒன்றரை மாதம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரியுமாம். மகள் கல்யாணப் பத்திரிகையை ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருந்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால், ‘நீ வரணும்’ என்று பேனாவால் ஓரத்தில் எழுதி. போகவில்லை, எந்த முகத்தோடு போவது. நாலு தடவை உறையில் விலாசம் எழுதினாள், நாலும் அலமாரியில் கிடக்கின்றன. தணிகைநாதன் ஏரிக்கரை என்று புளுகினான், நான் வரவில்லை என்று புளுகினேன், இரண்டும் ஒரே புத்தகத்தில் அச்சாகி விற்கின்றன. அவனாவது சொல்லைத் திருடினான். நான் அவளிடமிருந்து அப்பா முகத்தை எடுத்துக்கொண்டேன், ஒரு தடவை பார்ப்பதற்கு இருந்ததை. திட்டிக்கொண்டே இருந்த வாய் சட்டென்று அடங்கி, அவளுக்கு அழுகை வந்தது, அதன்மேலும் ஆத்திரம் வந்தது. இப்போது அழுது யாருக்கு என்ன.

தாளைப் பார்த்தாள். பதினோரு சொல்லுக்குப் பக்க எண் எழுதியாயிற்று. இன்னும் முப்பது, அதற்கப்புறம் ‘எடுக்கப்பட்டவை, வருந்துகிறேன்’, அதற்கடியில் கையெழுத்து. பொய்யாக ஒரு வாக்கியம் எழுதி அதன் பாடு இருபது வருஷம் பட்டாயிற்று, இன்னொன்று எழுத இந்தக் கைக்குத் தெம்பில்லை. கவ்வொட்டு சாகும். ஊடொட்டும் சாகும். அந்த மாணவனின் பட்டியலில் அதற்கு என்னென்ன கோரமான பெயர் வைத்திருக்கிறானோ. இடுக்கியும் கஞ்சியும் கரண்ட் பில்லும் ஒரு நிமிஷம் கண்ணில் வந்து நின்றன. தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். நூர்ஜஹான் நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அடிக்கிறியாம்மா என்று கேட்டாள் திலகவதி. மணி ஐந்துக்குப் பத்து.

ஐயா என்று தொடங்கினாள். தங்கள் நூலில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ள நான்காவது எடுத்துக்காட்டு தவறு. மங்கையர்க்கரசி வராமல் இருந்தவள் அல்லள், அவளுக்குத் தகவல் சொல்லப்படவில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் பிசிறியது, திலகவதி நிறுத்திவிட்டு இன்னொரு தடவை முழுசாகச் சொன்னாள், நூர்ஜஹான் இரண்டு தடவை அடித்துவிட்டு ஒன்றை அழித்தாள். மங்கையர்க்கரசி என் உடன்பிறந்த அக்காள். தகப்பனார் இறந்தபோது அவளுக்குச் சொல்லாதவள் நான். சொல்லாமல் இருந்துவிட்டு, வரவில்லை என்று சீட்டில் எழுதியவளும் நான். அந்தச் சீட்டையும் மற்றவற்றையும் தாங்கள் ஐந்து மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தீர்கள். நாற்பத்தொரு சொற்களையும் அகராதியிலிருந்து நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளலாம், தங்களிடமிருந்து எடுத்தேன் என்று எழுதித்தர முடியாது. வருந்துகிறேன் என்கிற சொல்லைத் தங்களுக்கு எழுதுவதற்கில்லை, அது வேறொருவருக்குச் சேர வேண்டியது. இப்படிக்கு, திலகவதி. இதுவரை படிக்காமல் அடித்தே பழகிய நூர்ஜஹான் விரலை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எந்தக் கடிதம் அடித்தாலும் கடைசியில் கேட்கிற கேள்வியை மட்டும் வழக்கம்போலக் கேட்டாள்.

“நகல் யாருக்காச்சும் போடணுமாக்கா?”

“போடு. திருமதி மங்கையர்க்கரசி சாலமன். பதினாலு, பிள்ளையார் கோயில் பின் தெரு, பொன்மலைப்பட்டி, திருச்சி.”

“பின்கோடு?”

சொன்னாள். நூர்ஜஹான் அடித்துவிட்டு, சாதாத் தபாலா பதிவுத் தபாலா, இன்னிக்குக் கட்டு இன்னும் போகல, சேர்த்துடறேன் என்றாள்.

“தபால் வேண்டாம்மா. அந்தக் காப்பிய எங்கிட்ட குடு. நானே கொண்டுபோறேன்.”